பச்சை, ஒரு தார்

எங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தைப் பற்றி ஊரில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கருமாதிக்குக் கொடுக்கும் காயைச் சீராகக் கொண்டுவந்தார்கள் என்பது ஒன்று. பெண்ணின் தாய்மாமனை நான் வாசலோடு விரட்டிவிட்டேன் என்பது இன்னொன்று. மூன்றாவது என் மகளைப் பற்றியது. அதை எழுதக் கை கூசுகிறது. மூன்றும் ஒரே வாயிலிருந்து புறப்பட்டவை. அந்த வாய்க்குச் சொந்தக்காரர் என் மனைவியின் அண்ணன், என் மச்சான். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன். கல்யாணமான வருடத்திலிருந்து ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். வரிசை தப்பாது.

வாழையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான்கு வகை வாழை நிற்கிறது. கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டிப் பூவன் மூன்று குத்து. வடக்கு வேலியோரம் மொந்தன். பழைய மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் பேயன். குளியலறைக்குப் பின்னால் பச்சைநாடன். எது என்றைக்குக் குலை தள்ளியது, எத்தனை சீப்பு, எந்தக் கன்றை எடுத்து எங்கே வைத்தேன் என்பதெல்லாம் நாட்குறிப்பில் இருக்கும். எழுதி எழுதிப் பெயர்கள் தேய்ந்துவிட்டன. பச்சைநாடனில் 'நாடன்' எப்போதோ உதிர்ந்துபோய்ப் 'பச்சை' மட்டும் நின்றது. வீட்டுப் பேச்சிலும் அப்படியே ஆகிவிட்டது. "பச்சை பழுத்துடுச்சா பாருங்க" என்று மனைவி கொல்லைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பாள். அதில் சிரிக்க எதுவும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதில்லை. பழுத்த பிறகும் தோலில் பச்சை முழுதாகப் போகாத பழம் அது.

இந்த நான்கில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. தாம்பூலத்துக்கும் அர்ச்சனைக்கும் பூவன். அதன் இலைதான் பந்திக்கு, தண்டுதான் கூட்டுக்கு. மகளுக்கு ஐந்து வயதில் அம்மை போட்டிருந்தபோது எதையும் வாயில் வைக்க மறுத்தாள். பேயன் பழம் மட்டும் உள்ளே இறங்கியது. என் மாமியார் கடைசி வருடங்களில் எங்களோடு இருந்தார். அவருக்கு மூலச்சூடு. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பச்சைநாடன் வேண்டும். மொந்தன் காய்க்காக நிற்கிற மரம். வறுவல், பஜ்ஜி, புட்டு எல்லாம் அதில்தான். அமாவாசைக்கும் திதிக்கும் ஐயருக்கு அரிசி பருப்போடு கொடுப்பதும் மொந்தன் காய்தான். சந்தையிலிருந்து ஒரு தார் மொந்தனை முழுசாகக் காயாக யாராவது வீட்டுக்குள் தூக்கிப்போனால், எதிர்வீட்டுக்காரர் வேலியருகே வந்து "யாருக்குங்க?" என்று கேட்பார். எங்கள் பக்கம் அதற்கு அவ்வளவுதான் அர்த்தம்.

மச்சான் பூவத்தில் இருக்கிறார். பைக்கில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். அவருடைய அப்பா இரண்டு மா நிலத்தில் பூவனும் ரஸ்தாளியும் வைத்திருந்தார். என் கல்யாணத்தில் வாசலில் கட்டிய இரண்டு மரமும் பந்தியில் போட்ட இலையும் அங்கிருந்து வந்தவை. அவர் காலமான மூன்றாம் வருடம் மச்சான் அந்த இடத்தை மனையாக்க முடிவு செய்தார். அது அவர் நிலம், அவர் விருப்பம். நான் கேட்டது மூன்று ரஸ்தாளிக் கன்று. "அதுக்கென்ன மாப்ள, ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் சாக்குமாகப் போனேன். முந்தின நாளே ஜேசிபி வந்து முடித்திருந்தது. கிழங்கோடு பிரட்டிப் போட்டு, மேலே சவுடு மண் அடித்திருந்தார்கள்.

"சனிக்கெழம நல்ல நேரம் இருந்துச்சு, ஆரம்பிச்சுட்டேன். விடுங்க, கடையில கெடைக்காததா?" என்றார்.

மூன்று கன்று எடுக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு போன் செய்திருந்தால் போதும். சாக்கை மடித்து வண்டியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அதற்கு அடுத்த வருடம் அவர் மகள் கல்யாணம். தாம்பூலப் பையில் இருந்த வாழைப்பழத்தில் சின்னதாக வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஜி-9 என்ற கடை ரகம். எல்லாம் ஒரே நீளம், ஒரே வளைவு, அச்சில் வார்த்த மாதிரி. அதையும் அன்றைக்கு நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

இனி என் மகள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான்கு வரனை வேண்டாம் என்றவள். ஐந்தாவதாக வந்ததுதான் பிரான்ஸ் குடும்பம். பையனின் அப்பா காரைக்காலில் பிறந்து, அங்கே போய்ப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். டவுனில் அவர்களுக்கு ஒரு பூட்டிய வீடு உண்டு. பையன் அங்கேயே பிறந்தவர், ரயில் பட்டறையில் வேலை. தமிழ் பேசுவார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பதினோரு மாதம் இரண்டு பேரும் போனில் பேசினார்கள். பிறகு மகளே என்னிடம் வந்து, "இவரே இருக்கட்டும்பா" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை.

அவர்கள் ஒரு மாத லீவில் வந்திருந்தார்கள். திரும்பிப் போக ஒன்பது நாள் இருக்கும்போதுதான் நல்ல நாள் கிடைத்தது. அன்றைக்கு நிச்சயம் ஆகாவிட்டால் அடுத்த வருடம். அடுத்த வருடம் என்று தள்ளிப்போன சம்பந்தம் எங்கள் உறவில் எதுவும் நடந்ததில்லை. இது மகளுக்கும் தெரியும்.

சம்பந்தி நல்ல மனிதர். ஒரு வாரம் முன்னால் வீட்டுக்கு வந்து, "நாங்க போயி முப்பது வருஷமாச்சுங்க. என்னென்ன தட்டு வைக்கணும்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. தப்பாப் போயிடக் கூடாது" என்றார். தப்பாகக் கூடாது என்று என்னிடம் வந்து கேட்டார். கோடு போட்ட தாளில் இருபத்தொரு வரிசை எழுதிக் கொடுத்தேன். புடவை, பூ, மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பாக்கு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவு. ஏழாவது: பூவன் பழம், இரண்டு தார். எட்டாவது: பச்சை, ஒரு தார்.

அந்த வரியை எழுதிய கை என்னுடையது. ஊர் பேசுகிறவர்கள் அதையும் சேர்த்துப் பேசட்டும்.

காலை பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் முகூர்த்தம். பத்தே முக்காலுக்கு வந்தார்கள். பெண்கள் தட்டுகளோடு முன்னால். பின்னால் இரண்டு பேர் பூவன் தார்களோடு. கடைசியில் மாப்பிள்ளை, தோளில் ஒரு தாரோடு. வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கி வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டைத் தோளில் வாழைக்கறை. முகமெல்லாம் சிரிப்பு. கூடத்தின் நடுவில், புடவைத் தட்டுக்கும் பூத்தட்டுக்கும் நடுவில், மெதுவாக இறக்கி வைத்தார். மொந்தன். எட்டுச் சீப்பு, பச்சைப்பசேலென்று காய்.

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் தாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சான் எழுந்தார். "யாருங்க செத்துட்டா இங்க?"

"என்னங்க?" என்றார் சம்பந்தி.

"இல்ல, கருமாதி எந்த வீட்டுலன்னு கேட்டேன்."

மாப்பிள்ளை போனை எடுத்தார். நான் எழுதிய தாளை அதில் படம் பிடித்து வைத்திருந்தார். விரலால் பெரிதாக்கி, "மாமா லிஸ்ட்ல இருக்குங்க. எட்டாவது. பச்சை, ஒரு தார்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"என் தப்பு" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "பச்சைநாடன்னு முழுசா எழுதியிருக்கணும். எங்க வீட்டுல சொல்ற மாதிரி பச்சைன்னு எழுதிட்டேன். தம்பி மேல ஒரு தப்பும் இல்ல."

"நான் கடையில கேட்டேங்க" என்றார் மாப்பிள்ளை. பாவம், விளக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். "பச்சை ஒரு தார்னு சொன்னேன். 'காயாவா'ன்னாரு, ஆமான்னேன். 'கருமாதிங்களா'ன்னாரு. அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. ஏதோ விசேஷம்னு நெனச்சு, ஆமாங்க, எனக்குத்தான்னு சொல்லிட்டேன்."

என் தங்கை அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். சம்பந்தியம்மாவே தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "எனக்குத்தான்னாடா சொன்ன?" அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மனிதராக இருந்தால் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சிரித்து முடித்திருப்பார்.

"சிரிங்க" என்றார் மச்சான். "காய்க்கும் பழத்துக்கும் வித்தியாசம் தெரியாத குடும்பம். சொல்தா வீட்டுக்கு அங்க பென்ஷன் வந்தாப் போதும், இங்க வழக்கம் எதுக்கு? அந்தத் தார எடுத்துக்கிட்டுப் போயி, இன்னொரு நாள் பழத்தோட வரச் சொல்லுங்க. அப்ப நான் தட்ட எடுக்கறேன்."

எங்கள் பக்கம் பெண் வீட்டுக்காக முதல் தட்டைக் கையில் வாங்குவது தாய்மாமன். அவர் வாங்காமல் வேறு எதுவும் நகராது. இது மச்சானுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை.

"ஒங்க பொண்ணு கல்யாணத்துல தாம்பூலப் பையில ஸ்டிக்கர் ஒட்டின பழம் போட்டீங்களே மச்சான், அது எந்த ஊரு வழக்கம்? ஒங்கப்பா வச்ச ரெண்டு மா வாழையையும் ஜேசிபி வுட்டுப் பெரட்டினீங்க. மூணு கன்னு எடுக்க எனக்கு ஒரு நாள் தரல. இப்ப ஒரு காயப் பாத்ததும் ஒங்களுக்கு வழக்கம் ஞாபகம் வருதா?"

"ஏங்க, சும்மா இருங்க" என்றாள் மனைவி.

"பேசட்டும்மா, பேசட்டும்" என்றார் மச்சான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒன் புருசன் சபையில என்னக் கேட்டதப் பாத்துக்கிட்டல்ல? இனிமே எனக்கும் இந்த வூட்டுக்கும் ஒண்ணும் இல்ல." செருப்பை மாட்டினார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அது சொல்லவேண்டிய நேரமும் இல்லை. இரண்டையும் எழுதுகிறேன்.

அதன் பிறகு பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். நல்ல காரியத்தில் இப்படி ஆகிவிட்டது, மனசு ஆறட்டும், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இன்னொரு நாள் இன்னொரு நாள் என்று அந்த ஒரு சொல்லையே ஆளுக்கொரு தரம் சொன்னார்கள். சம்பந்தி முகம் கறுத்திருந்தது. "நாங்க வேற நாள் வர்றோங்க" என்று எழுந்தார். சம்பந்தியம்மா புடவைத் தட்டின் மேல் துணியை மூடினார். மணி பதினொன்று இருபத்தைந்து.

அப்போது மகள் அறைக் கதவருகே வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அழவில்லை.

"அப்பா, மாமாவக் கூட்டிட்டு வாங்க. திட்டாம கூட்டிட்டு வாங்க."

பிறகு சம்பந்தியைப் பார்த்து, "பன்னெண்டு மணி வரைக்கும் இருங்க மாமா" என்றாள். அவர் உட்கார்ந்தார்.

பூவத்துக்குப் போகும் வழியில் என்ன பேச வேண்டும் என்பதை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன். முதலில் மன்னிப்பு, பிறகு காரணம், பிறகு மகள் பெயர். மச்சான் கார் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வருவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"நான் பேசினது தப்பு மச்சான். மன்னிச்சுடுங்க. புள்ள காத்துக்கிட்டு இருக்கு. வாங்க."

"ஒங்க மன்னிப்பு எனக்கு எதுக்கு மாப்ள? சொல்தா வரட்டும். இந்த வாசல்ல வந்து கேக்கட்டும்."

"அவரு என்ன தப்பு பண்ணினாரு? எழுதினது நான்."

"நீங்க எழுதுவீங்க. அவரு வரட்டும்."

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில். மூன்றாவது தடவை அவர் முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம் தெரிந்தது. அவர் பிரச்சினை வழக்கமும் இல்லை, சகுனமும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிற ஒருவர் பூவத்தில் தன் வாசலில் வந்து குனிந்து நிற்பதை அவர் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அதை நான்தான் என் அழகான கையெழுத்தில், வரிசை எண் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

திட்டவில்லை. மகள் சொல்லி அனுப்பியது அதுதான். திரும்பும்போது ஹேண்டில்பாரை இறுகப் பிடித்ததில் இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி பதினொன்று ஐம்பது. மனைவி எனக்குப் பின்னால் வெறுமையாக இருந்த சீட்டைப் பார்த்தாள்.

"வரலியா?"

"வரல. சம்பந்தி அங்க வந்து மன்னிப்புக் கேக்கணுமாம்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். தாய்மாமனுக்குப் போட்டிருந்த பாயில் உட்கார்ந்தாள். "குடுங்கண்ணே" என்றாள் சம்பந்தியிடம். "எங்க வூட்டுத் தட்ட நான் வாங்கிக்கிறேன்."

மூலையில் இருந்த ஒரு பெரியம்மா, "பொம்பள எடுக்கலாமாடி?" என்றார்.

"எடுத்தாச்சு பெரிம்மா" என்றாள் மனைவி. தட்டு அவள் கையில் இருந்தது.

அவள் அண்ணனைவிட எட்டு வயது சின்னவள். அவர் எதிரே நாற்காலியில்கூட உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு அவர் இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை. மணி பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு மாறும்போது பதினொன்று ஐம்பத்தாறு.

அந்தத் தாரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தொடவும் பயந்தார்கள். கொல்லையில் சமைத்துக்கொண்டிருந்த சமையல்கார அம்மாதான் கரண்டியோடு உள்ளே வந்தார். "எனக்கு வறுவலுக்குக் காய் பத்தல. இத வச்சுக்கிட்டு ஆளாளுக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. இப்படித் தள்ளுங்க." தாரை இடுப்பில் வைத்துத் தூக்கிப்போனார். அரை மணி நேரத்தில் அது வறுவலாகி எல்லோர் இலையிலும் விழுந்தது. "இன்னொரு நாள்" என்று சொன்ன பெரியவர்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தட்டில் வந்தால் சாவுக்காய், இலையில் விழுந்தால் கல்யாண வறுவல். கேட்டால் வழக்கம் என்பார்கள்.

வழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எந்தப் பழம் எதற்கு என்பதை என்னைப்போல நுணுக்கமாகப் பார்க்கிறவர் இந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை. பார்த்துப் பார்த்து வளர்க்கிறவனுக்குத்தான் அதைச் சொல்ல வாய் உண்டு. கிழங்கோடு பிடுங்கிப் போட்டு மனை விற்றவர், ஸ்டிக்கர் பழத்தைத் தாம்பூலத்தில் போட்டவர், வாழைக்கறை படிந்த தோளோடு நின்ற ஒரு பிள்ளையைப் பார்த்து உனக்கு வழக்கம் தெரியுமா என்று கேட்கிறார். அதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பூவன் தெரியாது, மொந்தன் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிகிறது. சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு குத்தாகக் காட்டச் சொல்லிப் பெயர் கேட்டார். நான்கையும் போனில் படமெடுத்து, பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் குறித்துக்கொண்டார்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். தையில் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று. மச்சான் ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை, போனை எடுக்கவில்லை.

மனைவி பத்திரிகையை எடுத்துக்கொண்டு பூவத்துக்கு இரண்டு தடவை போய்விட்டாள். முதல் தடவை கேட்டில் பூட்டு. உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டதாம். இரண்டாம் தடவை அண்ணி மட்டும் வெளியே வந்து, கம்பி இடுக்கு வழியாகக் கையை நீட்டித் தட்டில் இருந்த பத்திரிகையை வாங்கிக்கொண்டார். உள்ளே கூப்பிடவில்லை. நல்ல வெயில். அவள் திரும்பி வந்து செம்பு நிறையத் தண்ணீர் குடித்ததைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது.

"இனிமே அந்த வாசப்படி மிதிக்காத. அந்த ஆளு வரலன்னா கல்யாணம் நடக்காதா? நிச்சயத்துல நீ எடுக்கலியா? அது மாதிரி நடத்திக்கலாம்."

"எடுத்தேன். புள்ளைக்காக எடுத்தேன்" என்றாள். செம்பைக் கவிழ்த்து வைத்தாள். "ஒங்களுக்குக் கோவம் இருந்தாப் போதும். எனக்கு அண்ணன் வேணுங்க."

அவர் செய்ததையெல்லாம் ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அரிசி களைந்தாள். எல்லாம் அவளுக்கும் தெரிந்ததுதான்.

அண்ணனை நேரில் பார்த்துக் கூப்பிட நாளைக்கு மூன்றாம் தடவை போகிறாள். பைக்கில் கொண்டுவிடுகிறேன் என்றேன்.

"வேணாங்க" என்றாள். "ஒங்கள வாசல்ல பாத்தா அவரு வெளிய வரமாட்டாரு. நான் பஸ்ஸிலேயே போயிக்கிறேன்."